நடுநிலைக் கம்பியில் ஒரு சுவிட்ச்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பரீட்சை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. "பரீட்சை வந்தாச்சா?", "பரீட்சைக்கு டீ வேணுமா கேளு", "பரீட்சை இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே, என்னவாம்?" என்று நாள் முழுக்க அந்தப் பெயர்தான் அடிபடும். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். முப்பதைத் தாண்டிய வயதில், ஒரு பெண் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளி இறுதித் தேர்வில் விட்டுப்போன ஒரே ஒரு பாடத்தை எழுதிப் பாஸாகியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தில் இருந்தாள். அந்தப் பாடம் இயற்பியல்.

கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் பம்ப் ஓட்டுகிறவர். மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, குழாய் கசிகிற இடத்தில் சாக்கைச் சுற்றுவது, இதுதான் வேலை. அந்த பம்ப் அறையின் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் மதியம் விளக்கு எரியவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரைச் சரிபார்த்திருக்கிறார். இவள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலுக்கு வரும்போது உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் தண்ணீரில் கிடக்கிறார். சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தொடுவதற்கு முன்னால் கரண்ட்டை நிறுத்தவேண்டும் என்று அந்தப் பதட்டத்திலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கை சுவிட்சுக்குப் போயிருக்கிறது. அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

இதை அவள் விசாரணையில் சொன்னாள். சொன்னதும் விசாரித்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"சுவிட்ச் அணைஞ்சிருந்தா எப்படிம்மா ஷாக் அடிக்கும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. பதட்டத்துல நீங்களே கைய வச்சு அணைச்சிருப்பீங்க. இப்ப ஞாபகம் இல்ல. அவ்வளவுதான்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானாக இருந்தாலும் ஆட்டியிருப்பேன். அணைத்த சுவிட்சில் எங்கே கரண்ட் வரும்? நாலு பேர் நாலு முறை சொல்லச் சொல்ல, இவளுக்கே தன் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அந்தச் சந்தேகமே ஞாபகமாகவும் ஆகிவிட்டது. ஆமாம், நான்தான் அணைத்தேன் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அறிக்கையில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கவனக்குறைவால் செத்தவனுக்கு நஷ்ட ஈடு கிடையாது.

ஆனால் இரக்கம் இருந்ததாம் அவர்களுக்கு. மனைவி பள்ளி இறுதித் தேர்வில் பாஸாகியிருந்தால் அதே அலுவலகத்தில் ஓர் உதவியாளர் வேலை தருவோம், அடுத்த வருடக் கடைசி வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்போம் என்றார்கள். நிரந்தர வேலை, ஓய்வூதியம், குழந்தைக்கு வைத்தியச் செலவு எல்லாம் உண்டு. இவளோ பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் கோட்டை விட்டவள். கல்யாணம் வந்தது, புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டாள். இப்போது மூட்டையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் வயிற்றுப்பாட்டுக்கு எங்கள் சலவைக்கூடம்.

முதல் முறை எழுதினாள், தோற்றாள். சொற்ப மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த தேர்வுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு அடுத்தது வருவதற்குள் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் அவள் எப்படிப் படித்தாள் என்பது விளங்கும். அறுவை அறை, பிரசவ அறை, காய்ச்சல் வார்டு என்று எல்லா இடத்துத் துணியும் தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாக வரும். ரத்தம் பட்டதைப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை துணியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். அப்புறம் இயந்திரம், பிழிவது, உலர்த்துவது. கடைசியில் படுக்கை விரிப்பு மடிப்பது. பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு பேரும் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்போம்.

விலகி நிற்கும்போது நான் கேள்வி கேட்பேன். நடந்து வந்து மூலையைச் சேர்ப்பதற்குள் அவள் பதில் சொல்லி முடிக்க வேண்டும். இதுதான் எங்கள் பள்ளிக்கூடம். கைடு என் இடுப்பில் செருகியிருக்கும். அதில் அச்சடித்திருந்த வினா விடைகள் பாதி எனக்கே மனப்பாடம்.

"ஓமின் விதி என்னடி?"

"மாறா வெப்பநிலையில், கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் அமையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"இதுக்கா உன்னை ஃபெயில் போட்டானுங்க? படுபாவிங்க!"

எங்கள் சூப்பர்வைசருக்குக் கஞ்சி என்று பெயர். கழுத்து திரும்பாது, சிரிப்பு வராது, அவ்வளவு விறைப்பு. அவர் ஒருநாள் வந்து நின்றார். "இது சலவைக்கூடமா, டுடோரியலா?" என்றார். "துணி மடியுதான்னு மட்டும் பாருங்க. மூளை மடியுறத நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அவள் படித்தது எல்லாம் ஒப்பிப்பதுதான். இதை நான் மறைக்கப்போவதில்லை. கைடு போட்டவனுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குப் புரிய நேரமில்லை என்று. முன்பக்கத்திலேயே அறிவுரை அச்சடித்திருந்தான்: எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதே, அலகை எழுது, படம் கேட்காவிட்டாலும் படம் போடு. இவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

"புரியுதாடி, இல்ல சும்மா சொல்றியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"புரிஞ்சா என்னக்கா, புரியாட்டி என்ன? மார்க் வந்தா போதும்."

அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். "வீட்டு மின்சுற்றில் சுவிட்ச் எந்தக் கம்பியில் இணைக்கப்பட வேண்டும்?" என்று நானே அவளிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "மின்னோட்டக் கம்பியில் தொடரிணைப்பில் இணைக்கப்பட வேண்டும்" என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மூலை சேரும், விரிப்பு மடியும், அடுத்த கேள்விக்குப் போவோம். ஏன் அந்தக் கம்பியில் என்று அவளும் நின்று யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு கிளிப்பிள்ளைகள்.

வீட்டுக்காரர் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். அது துக்கம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது கோபம். ஒருநாள் பிரசவ அறைத் துணியை அலசிக்கொண்டிருந்தவள், நான் எதுவும் கேட்காமலேயே சொன்னாள்:

"ஒரு நிமிஷம், அந்த ஒரு சுவிட்சைப் பாத்திருந்தா நான் ஏங்க்கா ஊர்க்காரங்க ரத்தத்தை அலசிக்கிட்டு நிக்கப்போறேன்? எங்க ரெண்டு பேரையும் இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போக அவருக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

செத்தவரை அப்படிப் பேசாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பேன்.

தேர்வு நாள் வந்தது. அந்த ஹாலுக்குள் நான் போனதில்லை. ஆனால் பிற்பாடு அவள் திரும்பத் திரும்பச் சொன்னதில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மகளைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகளுக்கு நடுவே, கால் நுழையாத பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வினாத்தாள் நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறது. ஓமின் விதி வந்திருக்கிறது. குழியாடி, குவியாடி, அடர்த்தி, எல்லாம் விரிப்பு மடித்தபோது சொன்னவை. கை நிற்காமல் எழுதியிருக்கிறாள். பாஸாகிவிடுவோம் என்று தெரிந்துவிட்டதாம். கடைசிப் பகுதியில், சிந்தித்து எழுதும்படி ஒரு கேள்வி.

'ஒரு வீட்டில் மின்விளக்கின் சுவிட்ச் தவறுதலாக நடுநிலைக் கம்பியில் இணைக்கப்பட்டுள்ளது. சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவர் பல்பை மாற்றுகிறார். அவருக்கு மின்னதிர்ச்சி ஏற்பட வாய்ப்பு உண்டா? காரணம் கூறுக.'

வழக்கப்படி முதலில் ஒப்பிக்கும் பதில்தான் வாயில் வந்திருக்கிறது. மின்னோட்டக் கம்பியில் தொடரிணைப்பில். ஆனால் கேள்வி அது இல்லை. மாற்றி இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்றல்லவா கேட்கிறான்? கைடில் அதற்குப் பதில் கிடையாது. வெறுமையாக விடாதே என்றுதான் அறிவுரை இருந்தது. படம் போட்டால் ஏதாவது மதிப்பெண் தேறும் என்று பென்சிலை எடுத்திருக்கிறாள்.

ஒரு கம்பம் போட்டாள். அதிலிருந்து இரண்டு கோடுகள். ஒன்றில் கரண்ட் வருகிறது, மற்றதில் திரும்பிப் போகிறது. நடுவில் ஒரு பல்பு. கேள்வியில் சொன்னபடி, திரும்பிப் போகிற கோட்டில் சுவிட்சைப் போட்டாள். சுவிட்சைத் திறந்து வைத்தாள். அப்புறம் பென்சில் முனையை வருகிற கோட்டின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தியிருக்கிறாள். கம்பத்திலிருந்து கிளம்பி, சுவர் வழியாக ஏறி, பல்பு வரைக்கும் வந்துவிட்டது. வழியில் தடுக்க எதுவும் இல்லை. சுவிட்ச் பல்புக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?

"வந்து காத்துக்கிட்டு நிக்குதுக்கா" என்று சொன்னாள் என்னிடம். "போக வழியில்ல. அதனால பல்பு எரியாது. பாக்கிறவனுக்கு கரண்ட் இல்லன்னுதான் தோணும். ஆனா அது ஹோல்டர்ல வந்து நிக்குது. ஆள் கைய வச்சா, அவன் உடம்பு வழியா இறங்கி ஈரத் தரைக்குப் போயிடும்."

ஈரத் தரை என்று கேள்வியில் எங்கும் இல்லை. அவள் படத்தில் அது வந்துவிட்டது. ஸ்டூலும் வந்துவிட்டது. ஸ்டூல் மேல் ஒரு ஆள். அதை வரைந்து முடித்த பிறகுதான் தான் யாரை வரைந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

'ஆம், ஏற்படும்' என்று எழுதி, காரணமும் எழுதினாள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நிறுத்த முடியவில்லை. கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். என் கணவர் பெயர் இது, இந்த பம்ப் அறையில் வேலை செய்தார், நான் ஓடிப்போனபோது சுவிட்ச் அணைந்திருந்தது, என் கை அதை அணைக்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை, அவர் கவனமாகத்தான் இருந்தார் என்று எழுதினாள். இன்னொரு தாளும் வாங்கினாள். மணி அடித்துத் தாளைப் பிடுங்கும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

விடைத்தாளின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது, தேர்வர் தன்னை அடையாளம் காட்டும் எதையும் உள்ளே எழுதக் கூடாது என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அனுப்புவார்கள். இவளுக்கு யார் சொல்வது? நானா? எனக்கே அப்படி ஒரு சட்டம் இருப்பது அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் வேலைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "பம்ப் ரூமுக்குப் போகணும்க்கா" என்றாள். போனோம். அதே அறைதான், ஆனால் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பழைய மரச் சட்டமும் ஒயரும் போய், வெள்ளைக் குழாய்க்குள் புது ஒயரிங். புது சுவிட்ச், புது ஹோல்டர். உள்ளே இருந்த புதுப் பம்ப்காரர் நல்ல மனிதர்தான், எங்களை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"எப்ப மாத்துனாங்க?" என்று கேட்டாள்.

"அது நான் வர்றதுக்கு முந்தியே மாத்திட்டாங்கம்மா. அந்த விபத்து நடந்துச்சாமே, அந்த வாரமே."

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். அது வழக்கமான பராமரிப்பு என்றார் அங்கிருந்த எழுத்தர். அந்த அறையில் சாக்கு மாற்றுவதற்கே மனு போட்டு நடையாய் நடப்பார்களாம். ஆள் செத்த வாரத்தில் மட்டும் பராமரிப்புக்கு நல்ல நேரம் பிறந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். நான் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன். எழுத்தர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, "நீங்க இங்கதானே வேலைக்கு வரப்போறீங்க? எதுக்கு வீண் பேச்சு?" என்றார். பழைய ஒயரோடு சாட்சியும் போய்விட்டது.

தேர்வு முடிவு வந்தபோது எல்லோருக்கும் பாஸ், ஃபெயில் என்று இருந்தது. இவள் எண்ணுக்கு நேரே மட்டும் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது. கூடவே விசாரணைக்கு வரச்சொல்லித் தேர்வு அலுவலகத்திலிருந்து தபால். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்த கதை என்று எங்கள் சலவைக்கூடமே தலையில் கை வைத்துக்கொண்டது. கஞ்சிகூட அன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல் இரண்டு பேருக்கும் விடுப்புக் கொடுத்தார்.

தேர்வு அலுவலகத்தில் நீளமான வராந்தா. சுவரோரமாகக் கட்டுக்கட்டாக விடைத்தாள் மூட்டைகள், எங்கள் அழுக்குத் துணி மூட்டை மாதிரியே. அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அது அரைக் கதவு. மேலேயும் கீழேயும் திறந்துதான் கிடந்தது. பக்கத்து பெஞ்சில் நான். ஒட்டுக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் அதிகாரி, வயதானவர். இன்னொருவர் அவள் தாளைத் திருத்திய இயற்பியல் ஆசிரியை, கண்ணாடி போட்ட அம்மா. கத்தவில்லை, மிரட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம். கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி. "விடைத்தாள்ல பேர், ஊர், சொந்த விஷயம் எதுவும் எழுதக் கூடாது. எழுதினா தாளை ரத்து பண்ணணும். அடுத்த ரெண்டு தேர்வும் எழுத முடியாது. தெரியுமா?"

"தெரியாது சார்."

"சரி, விடுங்க. உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. வேலை விஷயமும் விசாரிச்சேன். இதுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க எழுதினது ஒரு உதாரணம். விடைய விளக்கறதுக்காக கற்பனையா ஒரு ஆளையும் ஒரு இடத்தையும் எழுதினீங்க. அப்படின்னா அது அடையாளம் ஆகாது, விடையோட சேர்ந்ததுதான். இதோ, நானே எழுதி வச்சிருக்கேன். 'மேற்கண்ட நிகழ்ச்சி கற்பனையே, உண்மையில் நடந்தது அல்ல.' கீழ ஒரு கையெழுத்து. இன்னிக்கே ரிசல்ட் போட்டுடலாம். பாஸ்தான் நீங்க."

வெளியே இருந்த எனக்கு உயிர் வந்தது. போட்டுத் தொலைடி என்று மனசுக்குள் கத்தினேன். கையெழுத்துதானே, காசா பணமா?

அப்புறம் அவள் குரல். அதிகாரியிடம் இல்லை, அந்த அம்மாவிடம்.

"மேடம், நான் எழுதின விடை சரியா?"

"சரிதான்மா" என்றார் அந்த அம்மா. "ரொம்பச் சரி. படத்தோட எழுதியிருக்கீங்க. நிறையப் பிள்ளைங்க ஷாக் அடிக்காதுன்னே எழுதியிருந்தாங்க. உங்களுக்கு முழு மார்க் போட்டிருக்கேன்."

"அப்போ, சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் ஆள் செத்துப்போக முடியும்?"

"முடியும்மா."

"அவர் அணைச்சிட்டுத்தான் ஏறினாருன்னு நான் சொன்னா, அது நடக்கக்கூடியதுதான்?"

அந்த அம்மா விடைத்தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நடக்கக்கூடியதுதான்" என்றார்.

அதிகாரி குறுக்கே வந்தார். "அம்மா, அவங்க சொல்றது பாடத்துல இருக்கற விஷயம். உங்க வீட்டுக்காரர் விஷயம் எங்களுக்குத் தெரியாது, நாங்க சொல்லவும் முடியாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. குழந்தை இருக்கு இல்ல? அத நெனச்சுக் கையெழுத்துப் போடுங்க."

"நடக்கலைன்னு எழுதியிருக்கே சார்."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"ஒருக்கா எல்லாரும் சொன்னாங்கன்னு நான் பாத்ததையே பாக்கலைன்னு சொல்லிட்டேன் சார். இன்னொருக்கா சொல்ல முடியாது."

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தது எனக்குக் கேட்டது. பிறகு, நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் எழுந்துகொண்ட சத்தமும் கேட்டது.

வெளியே வந்தாள். நான் எழுந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். என் வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். "உனக்கென்ன பைத்தியமா? போனவன் போயிட்டான், இருக்கறவ சாப்பிட வேண்டாமா? ஒரு கிறுக்கலுக்காக ஆயுசு பூரா அந்த ரத்தத்துலயே கிடக்கப்போறியா? வா, இப்பவே உள்ள போய் மன்னிப்புக் கேட்டுப் போட்டுட்டு வா!" இப்போதும் சொல்கிறேன், நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த வேலை அந்த வருடக் கடைசியில் வேறொருவருக்குப் போயிற்று. அவள் இன்னும் எங்களோடுதான் விரிப்பு மடிக்கிறாள். அவள் பெண் காய்ச்சலில் விழுந்தபோது மருந்துக்கு நாங்கள் துண்டு ஏந்தி வசூல் செய்தோம். உண்மை சோறு போடும் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் செருப்பைக் கழற்றுவேன்.

ஆனால் அன்றைக்கு அவள் நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "அவர் அணைச்சிட்டுத்தாங்க்கா ஏறினாரு" என்றாள். "அணைச்சிட்டுத்தான் ஏறினாரு. கவனமாத்தான் இருந்தாரு. நான் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேனே அக்கா."

அப்படியே விடைத்தாள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் மூச்சுதான் வந்தது. அப்புறம் அழுகை. சாதாரண அழுகை இல்லை, தலைமுடி அவிழ்ந்து, தரையில் அடித்து அடித்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுகிற அழுகை. சாவு வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உறவுக்காரர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் பேச்சு. கோபமாக இருக்கிறவள் எப்படி அழுவாள்? அன்றைக்கு அடக்கி வைத்த அழுகை எல்லாம் அந்த வராந்தாவில் வந்தது. நானும் கீழே உட்கார்ந்து அவள் தலையை என் மடியில் போட்டுக்கொண்டேன். திட்டுவதற்கு என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

அறைகளிலிருந்து தலைகள் நீட்டின. பியூன் ஒருவர் ஓடி வந்தார்.

"இது ஆபீஸும்மா, இப்படியா சத்தம் போடறது..." என்று ஆரம்பித்தவர், அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இவ வீட்டுக்காரர்" என்றேன்.

"அடப்பாவமே. எப்ப?"

"இப்பத்தான்" என்றேன்.